தேதி இல்லாத அத்தை

பகல் ஒன்றரை மணிக்கு, நல்ல வெயிலில், தோளில் லேப்டாப் பையோடு அண்ணனின் பழைய வீட்டுக்குள் நுழைந்தேன். பேய்க்கதை இப்படியா ஆரம்பிக்கும் என்று கேட்காதீர்கள். எனக்கு நடந்தது இப்படித்தான்.

அன்று மூன்று மணிக்கு வம்சாவளி ஆராய்கிறவர்களின் இணையவழி மாநாடு. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் எனக்கும் அதில் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். மூன்று மாதமாக என் கால் தரையில் பாவவில்லை. சொந்தக்காரர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'கணக்கெடுப்பு'. சாவு வீட்டில்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து பிறந்த தேதி கேட்கிறவன் என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். ஆறு தலைமுறை, இருநூற்றுப் பதினான்கு பேர். எவனாவது திரட்டியிருக்கிறானா?

என் வீட்டில் பேரன்களின் கூச்சல் தாங்காது. அதனால்தான் ஆளில்லாத இந்த வீட்டைக் கேட்டேன். அடுத்த தெருவில் குடியிருக்கும் அண்ணன் சாவியைக் கொடுத்தபோது, "முன் ரூம்லயே உக்காரு. பின்னாடி போகாத, ஒரே தூசி" என்றான்.

முன்னறை ஜன்னலுக்கு நேரே தெருவில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்குத் தூசியே மேல் என்று பின்னறைக்குப் போனேன்.

ஜன்னல் இல்லாத அறை. ஈரச் சுண்ணாம்பு வாடை. அதற்கடியில் வெகுநாள் வாராத தலைமுடியின் எண்ணெய்ச் சிக்கு வாடை. கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டுமே இருந்தது. சாமான் போடும் அறையாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டரைக்குள் குடும்ப மரத்தை மாநாட்டுத் தளத்தில் ஏற்றிவிட வேண்டும். ஒரே ஒரு கட்டம் தகராறு செய்தது. அப்பாவின் அக்கா, என் அத்தை. "சின்ன வயசுலயே யாரோடயோ ஓடிட்டா" என்பதற்கு மேல் அவளைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. இறந்த தேதியைக் கொடு, இல்லையென்றால் 'உயிருடன் இருக்கிறார்' என்று குறி போடு என்றது மென்பொருள்.

சான்று இல்லாமல் யாரையும் சாகடிக்கவும் கூடாது, வாழவைக்கவும் கூடாது. இந்த வேலையில் முதல் பாடமே அதுதான். மணி இரண்டு இருபத்தைந்து. என் பேராசை, குறி போட்டேன்.

கட்டம் பச்சையானது.

கதவு மூடியது.

மெதுவாகத்தான் மூடியது. பிறகு இரும்போடு இரும்பு உரசி, வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. காற்று கதவை அறையும், தாழ்ப்பாள் போடாது.

"யாரு?"

என் பின்னால், மூலையில், யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள்.

நான் திரும்பவில்லை. கதவை இடித்தேன். தோள்தான் கன்றியது. அண்ணனைப் போனில் அழைத்தேன்.

"அண்ணே, தாழ்ப்பாள் விழுந்துடுச்சு. வந்து திற."

"எந்த ரூம்?"

"பின் ரூம்."



"உன் குடும்ப மரத்துல அத்தையப் பத்தி ஏதாவது எழுதினியா?"

"உயிரோட இருக்காங்கன்னு போட்டேன்."

"அடப்பாவி." அவன் குரல் இறங்கியது. "அத்தை எங்கயும் ஓடலடா. ஓடப் பார்த்தா. தாத்தா பிடிச்சு அந்த ரூம்ல போட்டு அடைச்சுட்டார். கதவுக்கு அடியில தட்டைத் தள்ளுவாங்களாம். ஒரு நாள் தட்டு திரும்பி வரல. வீம்பு பண்றாள்னு விட்டுட்டாங்க."

"எத்தனை நாள்?"

"வாடை வர்ற வரைக்கும்."

அவள் எந்த நாளில் செத்தாள் என்று யாருக்குமே தெரியாது. பார்க்க ஒருவரும் கதவைத் திறக்கவில்லை.

"வந்து திறண்ணே."

"வரேன். அந்தக் குறியை அழிச்சுட்டு வாய்க்கு வந்த ஒரு தேதியைப் போடு. அவ செத்தவளாவே இருக்கணும். இல்லன்னா உன்கூட அவளும் வெளிய வந்துடுவா."

போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எண்களின் மேல் விரல் வைத்தேன்.

என் விரல்களின் மேல் வேறு விரல்கள் வந்து அமர்ந்தன.

குளிர்ந்த விரல்கள். அழுத்தவில்லை. கெஞ்சுகிறவர்கள் கையைப் பிடிப்பார்களே, அப்படி.

"வேண்டாம்ப்பா."

அழுதுவிட்டேன். பாதி பயத்தில், பாதி வெட்கத்தில். குறியை அழிக்கவில்லை.

வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"அழிச்சியா?"

"இல்லண்ணே."

"அப்ப திறக்க முடியாது. அவள வெளிய விடக்கூடாதுன்னு அப்பா என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார்."

என் கூடப் பிறந்தவன், ஒரு பலகைக்கு அந்தப்பக்கம் நின்று இதைச் சொன்னான். மூன்று மணி ஆனது. திரையில் முகங்கள் நிறைந்தன. யாரோ என்னைப் பேச அழைத்தார்கள், மறுபடி அழைத்தார்கள், பிறகு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். மூன்று மாதக் கனவு என் கண்ணெதிரே போயிற்று, அதை நினைத்து வருந்தக்கூட எனக்கு நேரமில்லை. மூலையில் இருந்த மூச்சு இப்போது என் தோளருகே இருந்தது.

"அண்ணே, என்னையும் வாடை வர்ற வரைக்கும் வெச்சிருப்பியா?"

வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் நகர்ந்தது.

லேப்டாப்பை அள்ளிக்கொண்டு பாய்ந்தேன். அண்ணன் நடைச் சுவரோடு ஒதுங்கி எனக்கு வழிவிட்டான். நான் தாண்டிய பிறகும் வயிற்றை எக்கி, தலையைக் குனிந்து, அப்படியே நின்றான். இன்னொருவர் கடந்துபோக ஆகும் நேரம் வரை நின்றான்.

"மன்னிச்சுடு அத்தை" என்று முணுமுணுத்தான்.

காரில் ஏறி என் பக்கக் கதவைச் சாத்தினேன். பின்கதவும் திறந்து, சாத்திக்கொண்டது.

"எங்க போகணும் அத்தை?"

அவள் ஓடிப்போக நினைத்த இடம் எதுவோ, அங்கே காத்திருந்தவன் யாரோ, என் இருநூற்றுப் பதினான்கு பேரில் அவன் இல்லை.

ஒரு மாதம் ஆகிறது. இன்னும் அவளை எங்கும் இறக்கிவிடவில்லை. வண்டியைக் கிளப்பினால் போதும், பின் இருக்கையில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று 'பீப் பீப்' என்று கத்துகிறது. மெக்கானிக் இரண்டு முறை கழற்றிப் பார்த்துவிட்டார்.

"சென்சார் நல்லாத்தான் சார் இருக்கு. சீட்ல வெயிட் காட்டுது. சும்மா பெல்ட்டை மாட்டி விடுங்க, நின்னுடும்."

நின்றுவிடும்தான். ஆனால் அவளை மறுபடி கட்டிப்போட எனக்கு மனசு வரவில்லை. கத்தட்டும் என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.