பலூனில் மாட்டிய தொப்பி

தொப்பியைக் கையில் எடுத்ததுமே, அளவு தப்பிவிட்டது என்று வாண்டுவுக்குத் தெரிந்துவிட்டது.

தம்பிக்காக அவளே பின்னிய கம்பளித் தொப்பி அது. மூன்று வாரம் விரல் நோகப் பின்னியிருந்தாள். தம்பி இன்று சாயங்காலம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறான். நாள் முந்திப் பிறந்த பிள்ளை என்பதால், தலை குளிரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீட்டுக்குள் வந்ததும் அவன் தலையில் இந்தத் தொப்பிதான் இருக்க வேண்டும் என்று வாண்டுவுக்குக் கொள்ளை ஆசை.

பின்னி முடித்ததை நனைத்து, துண்டில் சுற்றி அழுத்தி, தலை அளவுள்ள எதன்மேலாவது மாட்டிக் காயவைத்தால்தான் வடிவம் வரும். நூல்கடை அக்கா சொல்லிக்கொடுத்தது இது. நேற்று அப்படியே செய்தாள். ஆனால், கவிழ்த்து மாட்டக் கிண்ணம் எடுத்துக் கொடுத்தவர் பஸ் ஓட்டும் மாமா.

"பெரிசாவே இருக்கட்டும். பிள்ளை வளர வேணாமா?" என்றார்.

இன்று காலை போட்டுப் பார்த்தால், தொப்பி அவள் மூக்குவரை இறங்கியது! மாமா வாங்கித் தன் தலையில் வைத்தார்.

"அட, எனக்கே அளவெடுத்த மாதிரி இருக்கே!"

"விளையாடாதீங்க மாமா!" வாண்டுவுக்கு அழுகை முட்டியது.

மாமாவின் முகம் தொங்கிப்போனது. "பிரிச்சுட்டுப் புதுசாப் பின்னலாமா?"

"இன்னிக்குள்ளயா?" வாண்டு மூக்கை உறிஞ்சினாள். தொப்பியை இழுத்து, விட்டுப் பார்த்தாள். "ஈரமா இருந்தப்பதானே பெரிசாச்சு? திரும்ப நனைச்சுச் சின்னதா மாட்டிப் பாக்கலாம்."

எவ்வளவு சின்னதாக? அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"தம்பி தலை எவ்வளவு பெரிசுப்பா?"

"ம்ம்... ஒரு சாத்துக்குடி அளவு இருக்கும்."

"சாத்துக்குடியாம்! நர்ஸ் எழுதின சீட்டைப் பாத்துச் சொல்லுங்க!" என்று அம்மாவின் குரல் அதட்டியது.

சுற்றளவு முப்பத்துமூன்று சென்டிமீட்டர். தொப்பி தலையைப் பிடித்து நிற்க வேண்டும், அதனால் முப்பத்தொன்று போதும் என்று வாண்டு கணக்குப் போட்டாள். அந்த அளவில் வீட்டில் எந்தக் கிண்ணமும் இல்லை. தம்பி வரவுக்கு வாங்கிய பலூன்கள்தான் இருந்தன.

மாமா ஊத, வாண்டு அளவு நாடாவைச் சுற்றிப் பிடித்தாள்.

"போதும் மாமா... போதும்!"

டமார்! இரண்டாவது பலூனை அவளே ஊதினாள்.

நனைத்த தொப்பியைப் பலூன்மேல் மாட்டி, பின்னலை விரலால் நெருக்கி நெருக்கிவிட்டாள். மின்விசிறிக்கு முன்னால் வைத்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

கார் வந்தது. தொப்பியின் விளிம்பில் இன்னும் ஈரம்.

"எங்கடி உன் தொப்பி? நீயே போட்டுவிடு," என்றாள் அம்மா.

"லேசான ஈரம்தானே, பரவாயில்லை," என்றார் மாமா.

வாண்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "வேணாம்மா. தலை குளிர்ந்துடும். ஆஸ்பத்திரித் தொப்பியே இருக்கட்டும்." சொல்லி முடிப்பதற்குள் கண்ணீர் வந்துவிட்டது.

ஒரு மணி நேரம் கழித்து, உள்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். நன்றாகக் காய்ந்திருந்தது. பலூனின் காற்றை மெல்ல இறக்கி, தொப்பியை எடுத்துத் தம்பிக்குப் போட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தம்பி மூக்கைச் சுருக்கினான். "அச்ச்!" என்று ஒரு தும்மல். எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

தொப்பி மட்டும் இம்மியும் நகரவில்லை.