மாலை கழற்றிய படம்

எழுத்துப் பழக்கம் இல்லாத நான் இதனை எழுதத் துணிந்தமைக்கு வாசகர்கள் தயைகூர்ந்து பொறுத்தருள வேண்டும்.

அவர்கள் புலம்பெயர்ந்து வாழ்ந்த பீல் நகரத்து மூடுபனி சன்னல்களை அடைத்திருந்த மாலையொன்றில், மருத்துவமனைத் துப்புரவு வேலை முடிந்து, இடுப்பைப் பிடித்த நாரிநோவோடு வீடு திரும்பிய பரமேஸ்வரி, பால் பெட்டியில் அச்சிடப்பட்டிருந்த பசுவுக்குத் தலை இல்லாதிருப்பதைக் கண்டாள். அட்டை கிழியவில்லை, ஈரத்துணியால் துடைத்தாற்போல் மை மட்டும் மறைந்திருந்தது. களைப்பில் அவள் அதனைப் பொருட்படுத்தவில்லை.

முந்திய ஞாயிறன்று அவள் கணவர் சண்முகலிங்கம், தாம் புதிதாகச் சேர்ந்த கிறிஸ்தவ சபையில் எசேக்கியா அரசனைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்டு வந்திருந்தார். மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கே மக்கள் தூபங்காட்டியதால், அவ்வரசன் அதனையும் உடைத்தெறிந்தானாம். அன்றே சாமிப் படங்களும் பித்தளைப் பிள்ளையாரும் அகற்றப்பட்டுச் சாமித்தட்டு வெறுமையாயிற்று. எஞ்சியது, ஊரில் போரின்போது செல்லடியில் இறந்த மகன் சயனின் படம். அவனுக்கு வேறு படம் இல்லை.

"மாலை போட்டு விளக்கு வைச்சா அதுவும் விக்கிரகம்தான், ஈஸ்வரி."

"எசேக்கியா ராசா வீட்டில டிவி இருக்கேல்லையோ? அதுக்கு முன்னாலதானே நீங்கள் ஒவ்வொரு நாளும் குந்தியிருக்கிறியள்."

அவர் சிரித்துவிட்டார். "சரி, மாலையைக் கழட்டிப்போட்டு அலுமாரிக்குள்ள வை. கும்பிடாதை."

படுக்கையறை அலுமாரியில், துவாய்களின் அடியில் அதனை அவள் ஒளித்து வைத்திருந்தாள்.

இப்போது படுக்கையறையிலிருந்து, நாள் முழுவதும் அவள் தன் கையாலேயே எழுப்பிய ஓசை, ஈரத்துணி கண்ணாடியில் உரசும் அந்த மெல்லிய கீச்சொலி, சவர்க்கார மணத்தோடு வந்துகொண்டிருந்தது.

"இஞ்சேருங்கோ, என்னத்தைத் துடைக்கிறியள்?"

"நானோ?" முதுகு காட்டியிருந்த கூடத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "நீதான் அறைக்குள்ள துடைக்கிறாய் எண்டெல்லோ நினைச்சன்."

கூடத்துச் சுவரில் நாட்காட்டியின் மலைகள் இல்லை. திருமணப் படத்தில் பட்டுச்சேலையும் வேட்டியும் நின்றன. மாலைகளுக்கு மேல் ஒன்றுமில்லை.

ஓசை அலுமாரிக்குள் இருந்தது.

ஓடினாள். துவாய்களை இழுத்தெறிந்தாள். சயனின் படத்தில் சட்டைக் காலர். அதற்கு மேல் வெள்ளை. ஈரம்.

கண்களை மூடி மகனை நினைத்தாள். மூக்கு வரவில்லை. புருவம் வரவில்லை. தாயை உரித்து வைத்த பிள்ளை என்பார்களே. தன் முகத்திலாவது அவன் இருப்பான். குளியலறைக் கண்ணாடியின் முன் போய் நின்றாள்.

ஓசை நின்றது.

கண்ணாடியில் அவளது நீலச் சட்டை தெரிந்தது. கழுத்து தெரிந்தது. அதற்கு மேல் வழுவழுப்பான தோல். இன்னும் காயவில்லை.

அவ்வீட்டில் இழக்கப்பட்டவை: சாமிப் படங்கள், பித்தளைப் பிள்ளையார், திருமணப் படம், சயனின் படம், சயனின் முகம், அவனுடைய தாயின் முகம். பின்னால் வந்து நின்ற கணவரின் முகத்தை அவள் இன்னும் பார்க்கவில்லை.