நொச்சியூரணியில் அவிழாத காப்பு

வெளியூரில் தங்கி எடுத்த படம் ஒன்றுகூடத் தேறவில்லை.

லட்சுமி நகர் குடியிருப்போர் சங்கத்தின் பத்தாம் ஆண்டு மலரைப் பேச்சிராஜின் தலையில் கட்டியிருந்தார்கள். தாலுகா அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன், நாலு வரி பிழையில்லாமல் எழுதுவான் என்ற பாவத்துக்காக. சங்கரன்கோவிலின் ஓரத்தில் இருபத்தாறு வீடுகள். கிரகப்பிரவேசப் படம், காதுகுத்துப் படம் என்று மூட்டை மூட்டையாகத் தந்தார்கள். கொடைக்கானல், ராமேஸ்வரம் என்று கேட்டால் மட்டும் எல்லா வீட்டிலும் ஒரே பதில். போனோம், அன்றைக்கே திரும்பிவிட்டோம். பிள்ளைக்குக் காய்ச்சல். எனக்கு வயிறு சரியில்லை. ஏனோ மனசு கேட்கவில்லை.

பத்து வருடத்தில் ஒரு குடும்பம்கூட வெளியில் ஓர் இரவு தங்கவில்லை.

முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு தன் கதையை யோசித்தான். குடிவந்து ஒன்றரை வருடம். சிவகிரியில் மாமியார் வீடு கூப்பிடு தூரம். ஒரு பொங்கலுக்குக்கூட அங்கே படுத்து எழுந்ததில்லை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு காரணம் இருந்தது, அதுவும் நல்ல காரணமாகவே இருந்தது.

அன்று மதியம்தான் அவன் மனைவி சண்முகசுந்தரியைத் திருநெல்வேலிக்குக் காரில் அனுப்பியிருந்தான். எட்டாம் மாதம். பிரஷர் ஏறிவிட்டது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டரம்மா கையை விரித்துவிட்டார். மாமியார் சுந்தரம்மாள் கூடப் போயிருந்தாள். துணிமணிகளை எடுத்துக்கொண்டு அவன் ராத்திரி ஏழு மணி பஸ்ஸில் போவதாக ஏற்பாடு. பனவடலிசத்திரம் தாண்டிவிட்டோம் என்று ஒரு போன் வந்தது. அதற்குப் பிறகு இல்லை. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மலருக்கு மிச்சமிருந்தது பூங்காவின் படம் ஒன்றுதான். அதையாவது முடிப்போம் என்று கிளம்பினான்.

பூங்கா என்பது சங்கம் வைத்த மரியாதைப் பெயர். பழைய ஊரணியைத் தூர்த்த பள்ளத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி, துருப்பிடித்த சறுக்குமரம், தொட்டியின் கால்களுக்கு நடுவில் பாதி புதைந்த ஒரு கல். மூன்று மணி வெயிலில் தெரு முழுக்கக் கதவடைத்துக் கிடந்தது; எங்கோ ஒரு மிக்ஸி ஓடி நின்றது, தொட்டியிலிருந்து சொட்டும் நீர் சிமெண்டில் விழும் சத்தம் ஒன்று மட்டும் விட்டு விட்டுக் கேட்டது, அதற்கடியில், வேப்பமரமே இல்லாத அந்த இடத்தில், அரைத்த வேப்பிலையும் மஞ்சளும் கலந்த வாசனை கனமாக நின்றுகொண்டிருந்தது. குனிந்து பார்த்தான். கல்லைச் சுற்றி மஞ்சள் நூல். நடுவில் ஒரு விரலி மஞ்சள் முடிந்திருந்தது. தொட்டால் விரலில் ஒட்டும் ஈரம்.

"சார், அங்கன நிக்காதிய."

வேலிக்கு வெளியே அன்னக்கிளி நின்றிருந்தாள். காலி மனைகளில் ஆடு மேய்க்கிறவள், ஐம்பது வயதிருக்கும். அவளும் சரி, அவள் ஆடுகளும் சரி, வேலிக்கு உள்ளே வந்து அவன் பார்த்ததில்லை.

"இது என்ன கல்லுக்கா? மலர்ல எழுதணும்."

"நொச்சியூரணி அம்மன் பீடம். எங்க தாத்தா ஊருதான் இது." அவள் எரிச்சலோடு பேசினாள். "கோயில் கொடைக்குக் காப்பு கட்டியிருந்தாவ. ரெண்டாம் நாளே வாந்திபேதி வந்துட்டு. மஞ்சத்தண்ணி ஆடல, காப்பு அவுக்கல. உசுரு தப்பினா போதும்னு ஊரே ஓடிட்டு."

அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. காப்பு கட்டிவிட்டால் அவிழ்க்கும்வரை ஊர்க்காரர் எவரும் வெளியூரில் இரவு தங்கக்கூடாது. அந்தக் கட்டுக்குப் பயந்து சின்ன வயதில் சித்தி கல்யாணத்தையே தவறவிட்டவன் அவன்.

"ஓடுனவங்க என்ன ஆனாங்க?"

"நடந்தே திரும்பி வந்தாவ. தூக்கத்துல. வந்து இங்கனயே செத்தாவ. தாத்தா அப்பம் கொழும்புல இருந்தாரு, அதனால நாங்க இருக்கோம்."

"இது புதுக் கயிறால்லா இருக்கு? யாரு கட்டுதா?"

"யாரும் கட்டல. அது காயல, அவ்வளவுதான்." அவள் ஆடுகளைத் திருப்பினாள். "கட்டுனவன்தான் அவுக்கணும். அவனும் இல்ல, அவன் வம்சமும் இல்ல. அறுக்க மட்டும் செய்யப்பிடாது சார்."

நல்ல கதை, மலரில் ஒரு பக்கம் வரும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான். நினைக்கத்தான் முடிந்தது. மனம் பதினோராம் நம்பர் வீட்டு லாரி டிரைவர் சுடலைமணியிடம் போய் நின்றது. போன புரட்டாசியில் ராஜபாளையத்தில் வண்டியைப் போட்டுத் தூங்கியவன், விடியும்போது தன் வீட்டு வாசலில் கிடந்தான். செருப்பில்லை. உள்ளங்காலில் தோல் இல்லை. எப்படி வந்தாய் என்று கேட்டதற்கு விழித்தான். தண்ணியைப் போட்டிருப்பான் என்று எல்லோரும் பேசி முடித்தார்கள். பேச்சிராஜும்தான் சொன்னான்.

ஐந்தே முக்காலுக்கு போன் அடித்தது.

"மாப்ள." சுந்தரம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "இப்பமே ஆபரேசனாம். பிரஷர் எறங்கலயாம். இவ மயங்கித்தான் கெடக்கா, ஆனா காலு மட்டும் நிக்கவே மாட்டேங்கு. நடக்குத மாதிரியே ஆட்டுதா. ரெண்டு நர்ஸு அமுக்கிப் புடிக்காவ."

"அத்த, அவள இங்க கொண்டாந்திருங்க."

"கிறுக்கு புடிச்சிருக்கா ஒங்களுக்கு? ரெண்டு உசுரு மாப்ள!"

போன் நின்றுவிட்டது.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தான். எல்லா வீட்டுக்காரர்களும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பைக்கில், ஆட்டோவில், நடந்து. யாரும் யாரோடும் பேசவில்லை. ஒவ்வொரு வாசலிலும் விளக்கு எரிந்தது. கதவுகள் சாத்தப்பட்டன. தெருவில் அந்த வாசனை. வேப்பிலை. மஞ்சள். அவனுடைய ஹாலுக்குள்ளும்.

இன்று ராத்திரி அவள் வெளியூரில். வயிற்றைக் கிழித்துத் தைத்த உடம்போடு அவள் கட்டிலைவிட்டு எழுந்து நடப்பாள். மானூர் வழியாக. தேவர்குளம் வழியாக.

அடுக்களையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தான். ஓடினான்.

தொட்டிக்கடியில் இருட்டிவிட்டது. நூல் கையில் வழுக்கியது. ஈரம். குளிர்ச்சி. கட்டினவன் இல்லை. அவன் வம்சம் இல்லை. நான் என்ன செய்யட்டும்? வேறு என்னதான் செய்யட்டும்? கத்தரி கடித்தது. வழுக்கியது. மறுபடி கடித்தது.

அறுந்தது.

வாசனை சட்டென்று நின்றது. தொட்டியின் சொட்டும் நின்றது. அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அழுது முடித்து, அறுந்த நூலை மலருக்குப் படம் எடுக்கலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. மனிதப் புத்தி அப்படித்தான். போன் வெளிச்சத்தை அடித்துத் தேடினான். கல் வெறுமனே இருந்தது. தரையில் நூல் இல்லை. விரலி மஞ்சளும் இல்லை.

கையிலேயே போன் அதிர்ந்தது. வீடியோ கால்.

"மாப்ள, பொம்பளப்புள்ள!" சுந்தரம்மாள் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தாள். "சுந்தரிக்கு பிரஷர் எறங்கிட்டு. காலும் நின்னுட்டு. அசந்து தூங்குதா."

"புள்ள எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு..." அவள் குரல் இறங்கியது. "கையில இத யாரு கட்டுனதுன்னு நர்ஸம்மா சத்தம் போடுதா. நான் கட்டல மாப்ள. உள்ள இருந்து எடுக்கும்போதே இருந்துச்சாம். கத்தரிய வச்சா வெட்ட மாட்டேங்கு."

படம் ஆடி நிலைத்தது. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத மணிக்கட்டு. மஞ்சள் நூல் மூன்று சுற்று. சதையோடு இறுகிய முடிச்சு. ஈரம் பளபளத்தது.

"அழவும் இல்ல. முழிச்சிக்கிட்டே கெடக்கு. குளிருதோ என்னமோ, இத கொஞ்சம் பாருங்க."

அவள் துணியை விலக்கினாள்.

கால்கள். பிறந்து கால்மணி நேரம்கூட ஆகாத கால்கள். அவை உதைக்கவில்லை.

இடது. வலது. இடது. வலது.

ஒரே சீராக, அவசரமில்லாமல், நெடுந்தூரம் போக வேண்டியவர்கள் வைக்கிற அடிகள்.