அம்மாவுக்கு ஓர் அக்கவுண்ட்

அன்று மாலை வீட்டில் இருந்தவர்கள் அம்மா, மகன், பெரியப்பா. வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அப்பா இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. இதை முதலிலேயே எழுதிவிடுவது எங்கள் குடும்பத்துக்கு நல்லது.

மாடிப்படிக்குக் கீழே உள்ள சிறிய அறையில் அப்பாவின் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்றபின் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி, குடும்பப் புகைப்படங்களையெல்லாம் டிவியில் பார்க்கும்படி அதில் சேர்த்து வைத்தவர் அவர். யாருக்காவது புதிதாக அக்கவுண்ட் தருவதென்றால் அந்த அறைக்குள் போய், சர்வரின் கீபோர்டில் ஒற்றை விரலால் தட்டித்தான் தருவார். அம்மாவுக்கு மட்டும் அக்கவுண்ட் கிடையாது. “என்னை அந்தப் பெட்டியில ஏத்தாதீங்க” என்பாள். “ஒருநாள் உன்னையும் ஏத்திடுறேன் பாரு” என்று அவர் சிரிப்பார்.

“அவர் பேரை எடுத்துடுப்பா,” என்றாள் அம்மா. “போட்டோ பாக்கலாம்னு டிவியைப் போட்டா முதல்ல அவர் பேர்தான் வந்து நிக்குது. மனசு தாங்கல.”

“குடும்பத்தலைவன் பேரை அழிக்கிறது நல்லாவா இருக்கு?” என்றார் பெரியப்பா, செய்தித்தாளைத் தாழ்த்தாமல்.

“போட்டோ எல்லாம் அப்படியே இருக்கும் பெரியப்பா. பேர் மட்டும்தான் போகும்.”

அம்மா தன் அறைக்குப் போனாள். மகன் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து, அப்பாவின் அக்கவுண்டை நீக்கும் கட்டளையை அடித்தான். நீக்க முடியாது என்று ஒரு வரி வந்தது. அந்தப் பயனர் இப்போது உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறார்.

உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். இரண்டு பேர். லேப்டாப்பிலிருந்து அவன். சர்வரின் சொந்தக் கீபோர்டிலிருந்து அப்பா.

சர்வர் இருந்த அறை பூட்டியிருந்தது; அதன் சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது.

ஓட்டில் விழும் மழைக்கும், படிக்கட்டின் அடியிலிருந்து வரும் மின்விசிறியின் மெல்லிய முனகலுக்கும் நடுவில், சூடான தூசியின் வாசனை கூடத்துக்குள் மெதுவாகப் பரவிக்கொண்டிருக்க, இதுவரை கேட்டும் கேட்காததுபோல் இருந்த ஒரு சத்தத்தை அவன் காது இப்போது தனியாகப் பிரித்தெடுத்தது. டக். எழுத்தைத் தேடும் இடைவெளி. டக். வரியின் முடிவில் எண்டர் விசையில் விழும் அந்த முரட்டுக் குத்து.

“பெரியப்பா, கேக்குதா?”

செய்தித்தாள் இன்னும் மேலே உயர்ந்தது. “நீ உன் வேலையைப் பாரு” என்றார் அவர்.

அப்பாவின் இணைப்பை வலுக்கட்டாயமாகத் துண்டித்தான். பெயர் மறைந்தது. சத்தமும் நின்றது. மழை மட்டும். அவன் மூச்சுவிட்டான்.

டக்.

பெயர் திரும்பி வந்திருந்தது. உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்த்தான். புதிய பயனரைச் சேர்க்கும் கட்டளை.

“டேய்,” என்று அறையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். “டிவியில என் பேர் வந்திருக்கேடா. நீயா போட்ட?”

அவன் அந்தக் கட்டளையை நிறுத்தப் பார்த்தான்.

“பாஸ்வேர்டு கேக்குது. என்ன குடுக்கிறது?” பிறகு குரல் தாழ்ந்தது. வெட்கப்படுவதுபோல. “இருங்க, மெதுவா சொல்லுங்க. எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல.”

“அம்மா, தொடாதே.”

ஓடினான். நாற்காலி இடறி விழுந்தது. அறைக்கு நான்கு எட்டுக்கூட இல்லை. படிக்கட்டின் அடியில் எண்டர் விழுந்தது.

கட்டில். கழற்றி வைத்த கண்ணாடி. இன்னும் சூடு ஆறாத ரிமோட். அடைத்த ஜன்னல். அம்மா இல்லை.

டிவியில் அப்பாவின் பெயர். அதற்குக் கீழே அம்மாவின் பெயர்.

மெயின் சுவிட்சுக்குக் கை போனது. பாதியில் நின்றது. அணைத்தால் அவள் என்ன ஆவாள்?

பெரியப்பா அவன் பையிலிருந்து சாவியை எடுத்துத் தம் இடுப்பில் செருகிக்கொண்டார். மாடிப்படிக்குக் கீழே பூட்டு பூட்டியபடியே இருந்தது. அதன் பின்னால் டக், டக் என்று ஒற்றை விரல். அதைத் தொடர்ந்து, பழக்கமில்லாத இன்னொரு விரல், தயங்கித் தயங்கி.

மகனோடு சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்று தெருவில் பேசுகிறார்கள். அது பொய். எங்கள் குடும்பத்தில் யாரும் அப்படிப் போனதில்லை. அம்மா வீட்டில்தான் இருக்கிறாள்.