துவைக்கக் கூடாத சாக்ஸ்

அந்தக் கோடையில் எங்கள் வீட்டைத் தேடி வந்தவர்கள் யாரும் வழி கேட்கவில்லை. மூக்கு காட்டிய பக்கம் நடந்தாலே போதும், வாசலுக்கு வந்துவிடலாம். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ஜோடி ஆரஞ்சு நிற சாக்ஸ்.

எங்கள் ஊர் ஆல்டர் ஃபோர்க். அயோவா சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கிறது. எங்கள் பேஸ்பால் அணியின் பெயர் முள்ளம்பன்றிகள். எட்டு அணிகள் ஆடும் சின்ன லீக்கில், ஆறு வருடமாக நாங்கள்தான் எட்டாவது. ஒன்பதாவது இடம் என்று ஒன்று இருந்திருந்தால் அதையும் விட்டிருக்க மாட்டோம்.

ஆட்டக்காரர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். சீசன் முடியும்வரை ஆளுக்கொரு வீட்டில் தங்குவார்கள். இந்த வருடம் எங்கள் மாடியறைக்கு வந்தவன் யோனெல். டொமினிகன் குடியரசுக்காரன், வயது பத்தொன்பது. தட்டைக் கழுவச் சொல்லி அவனை அதட்டுவது நான்தான் என்பதால் என்னைக் "கேப்டன்" என்றுதான் கூப்பிடுவான். என் உண்மையான பெயர் ஹேட்டி.

யோனெலின் மட்டைக்கும் பந்துக்கும் என்ன பகையோ தெரியவில்லை, இரண்டும் சந்திக்கவே மறுத்தன. ஏப்ரலில் தோற்றோம். மே மாதமும் தோற்றோம். ஜூனில் ஒரு வாரம் மட்டும் தோற்கவில்லை. அந்த வாரம் முழுக்க மழை.

"ஏம்ப்பா யோனெல், மட்டைய வச்சு ஈ ஓட்டுறியா?" என்று பக்கத்து வீட்டு வாஸ் மாமி மைதானமே கேட்கக் கத்துவார். ஆனாலும் ஒரு ஆட்டம் விடாமல் வருவார்.

ஜூலையில் பயிற்சியாளர் டார்சி அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சீசன் கடைசி ஆட்டம் வரைக்கும் பார்க்கறேன். அதுக்குள்ள நீ அடிக்கலேன்னா உன்னை ஒரேயடியா ஊருக்கு அனுப்புறதைத் தவிர வேற வழி இல்லப்பா."

அன்று என் அம்மா சுட்ட சோள ரொட்டியைக்கூட யோனெல் தொடவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை யோனெல் தூங்கிவிட்டான். ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது. ஒரு கையில் ஷூவோடு படியில் தடதடவென்று இறங்கினான்.

"என் சாக்ஸ் எங்க, கேப்டன்?"

"டிரையர்ல இருக்கு. இப்பதான் மிஷின் நின்னுச்சு!"

துணி உலர்த்தும் அந்த மிஷினிலிருந்து சுடச்சுட எடுத்து மாட்டிக்கொண்டான். "அட, அடுப்புல இருந்து எடுத்த ரொட்டி மாதிரி இருக்கே!" என்று சிரித்துக்கொண்டே ஓடினான்.

அன்று அவன் மூன்று முறை அடித்தான். மூன்றும் நல்ல அடி. நாங்கள் ஜெயித்தோம்!

இங்கேதான் வம்பு ஆரம்பித்தது. ஜெயித்த அன்று போட்டிருந்த சாக்ஸைத் துவைக்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் சட்டம் மாதிரி. துவைத்தால் அதிர்ஷ்டமும் அழுக்கோடு போய்விடுமாம். எங்கள் பாதிரியார்கூட இதற்கு மட்டும் மறுப்புச் சொல்ல மாட்டார்.

யோனெல் துவைக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தான். நாங்களும் ஜெயித்துக்கொண்டே இருந்தோம். மூன்று வாரத்தில் அந்த சாக்ஸ் தானாக எழுந்து நின்றது. அப்பா சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அப்பாவின் சேற்றுக் காலணியை வாசற்படி தாண்ட விடாத அம்மாவோ மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, "நாறட்டும். நல்லா நாறட்டும். பையன் அடிக்கிறான்ல?" என்றார்.

அந்த சாக்ஸை ரசித்தது எங்கள் நாய் பிஸ்கட் மட்டும்தான்.

கடைசி ஆட்டம் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு. எதிரணி காட்டெருமைகள், ஏழாவது இடத்தில் இருந்தார்கள். ஜெயித்தால் அந்த இடம் எங்களுக்கு. யோனெல் காலையிலேயே பயிற்சிக்குப் போய்விட்டான். அந்த சாக்ஸை ஆட்டத்துக்கு மட்டும்தான் போடுவான். அதைப் பையில் போட்டு மைதானத்துக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு.

அதற்குள் அம்மா என்னைத் துண்டுகளைத் துவைக்கச் சொன்னார். தரையில் கிடந்த குவியலை அப்படியே அள்ளி மிஷினில் போட்டேன். முடிந்ததும் மூடியைத் திறந்தேன். வெள்ளைத் துண்டுகளுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் என்னவோ தெரிந்தது.

பிஸ்கட்! அது சாக்ஸைக் கவ்விக்கொண்டு வந்து துண்டுகளுக்குள் ஒளித்து வைத்திருக்கிறது. சாக்ஸில் இப்போது லேவண்டர் சோப்பு வாசம் கமகமத்தது.

"அம்மா!"

அம்மா வந்து பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்ன காரியம் பண்ணிட்ட ஹேட்டி! ஓடு, வெங்காயம் எடுத்துட்டு வா! தேய்ப்போம்!"

"பழைய சீஸ் இருக்கும்மா!"

"அதையும் எடு! தோட்டத்து மண்ணுல நல்லாப் புரட்டிட்டா அவனுக்கு என்ன தெரியப்போகுது?"

வாழ்நாள் முழுக்க அழுக்கோடு சண்டை போட்ட அம்மா, ஈர சாக்ஸோடு மண்ணைப் பார்த்து ஓடினார். அந்த ஈரத்தைப் பார்த்ததும்தான் எனக்குச் சட்டென்று ஒரு ஞாபகம் வந்தது.

"அம்மா, நில்லு! மண்ணுல போடாதே! டிரையர்ல போடு!"

ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருந்தபோது, கெட்டியாகச் சுற்றிய துண்டோடு சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். யோனெல் வேலியோரம் தவித்துக்கொண்டிருந்தான். துண்டைப் பிரித்ததும் அவன் முகம் வெளுத்தது.

"கேப்டன், இது துவைச்சதா?"

"ஆமா. தெரியாம நான்தான் துவைச்சிட்டேன். மண்ணைப் பூசி உன்னை ஏமாத்தியிருக்கலாம். மனசு வரல."

"போச்சு. என் கதை முடிஞ்சுது."

"முடியல. தொட்டுப் பாரு."

தொட்டான். கன்னத்தில் வைத்துப் பார்த்தான்.

"சூடா இருக்கு."

"முதல்முதலா மூணு அடி அடிச்சியே, அன்னைக்குச் சாக்ஸ் எப்படி இருந்துச்சு?"

அவன் கண்கள் மெல்ல விரிந்தன. "ரொட்டி மாதிரி..."

"அதேதான். துவைச்சு, சுடச்சுட. உன் அதிர்ஷ்டம் அழுக்குல இருந்து வரல. எங்க டிரையர்ல இருந்து வந்துச்சு."

"அப்ப மூணு வாரமா நான் தப்பாப் பண்ணிட்டு இருந்தேனா?"

"எங்கப்பா மூக்கைக் கேளு, சொல்லும்."

யோனெல் விழுந்து விழுந்து சிரித்தான். சாக்ஸை மாட்டிக்கொண்டு ஓடினான்.

ஆனால் முதல் முறை அவுட். இரண்டாவது முறையும் அவுட். நான் என் தொப்பியின் விளிம்பைக் கடித்தே நார் நாராக்கிவிட்டேன். கடைசிச் சுற்றில் காட்டெருமைகள் மூன்று, நாங்கள் இரண்டு. எங்கள் ஆட்கள் இருவர் ஓடத் தயாராகத் தளங்களில் நின்றார்கள். யோனெல் மட்டையோடு வந்தான்.

"ஈ ஓட்டாதே, பந்தை ஓட்டு!" என்று வாஸ் மாமி அலறினார்.

யோனெல் கூட்டத்தில் என்னைத் தேடினான். நான் மூக்கைத் தொட்டு, நன்றாக மூச்சை இழுத்துக் காட்டினேன். அவன் குனிந்து சாக்ஸைத் தேய்த்து, விரலை முகர்ந்து பார்த்தான். பந்து வந்தது.

டமார்!

பந்து வேலியில் போய் மோதியது. எங்கள் ஆட்கள் இருவரும் ஓடி வந்து சேர்ந்தார்கள். இப்போது நாங்கள் நான்கு, அவர்கள் மூன்று. நாங்கள் ஏழாவது! ஏழாவது இடத்துக்காக ஒரு ஊர் இவ்வளவு துள்ளி நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வாஸ் மாமி பாதிரியாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்.

டார்சி வந்து யோனெலின் தோளில் கை வைத்தார். "பெட்டியைக் கட்டு."

நான் யோனெலின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"ஊருக்கு இல்லப்பா. மேல் லீக்குல இருந்து ஒருத்தர் உன் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தார். நாளைக்கே அவங்க டீமுக்கு உன்னை வரச் சொல்றார்."

யோனெல் என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான். மறுநாள் கிளம்பும்போது அம்மாவிடம் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சோப்புத் தூள் டப்பா.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. "கேப்டன், இங்கேயும் அடிக்கிறேன். தட்டையும் கழுவுகிறேன்" என்று எழுதியிருந்தான். தாளை முகர்ந்து பார்த்தேன். லேவண்டர் வாசம்.