மீன் வாடை இல்லாத கை

தலைமேல் வைத்த அப்பாவின் கையில் மீன் வாடை இல்லை.

வாசற்படியில் குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான் ஜெனின். பொழுது மங்கும் நேரமாகப் பார்த்து கரண்டை நிறுத்தியிருந்தார்கள். ராஜாக்கமங்கலத்தில் கடலைப் பார்த்து இறங்கும் அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் வெளிச்சமில்லை. எங்கேயோ ஒரு குழந்தை புழுக்கத்தில் சிணுங்க, தெருக்கோடியில் அலை மண்ணை அரைத்துக்கொண்டிருந்த அந்த அரையிருட்டில்தான் உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு வந்து அவன் உச்சந்தலையில் உட்கார்ந்தது. அப்பாவின் கைதான். அதே அகலம். கட்டைவிரலுக்கடியில் அதே காய்ப்பு. ஆனால் அந்தக் கை வருவதற்கு முன்பே வந்து நிற்கும் நாற்றம், என்ன சோப்பு போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணை விட்டுப் போகாத அந்தச் சாளை மீன் நாற்றம், வரவில்லை. கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டின் வாசனைதான் வந்தது.

"வந்துவிட்டாயா, மகனே?"

ஜெனின் நிமிரவில்லை. நிமிர முகமில்லை. நாகர்கோவிலில் பகலில் அவன் செய்துவிட்டு வந்த காரியத்துக்கு அப்பா முகம் கொடுத்துப் பேசுவார் என்றே அவன் நினைக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியும் வீட்டுக்கு வராமல், மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை வாய்க்குள் உருட்டியபடி கடற்கரையில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தான்.

"ம்" என்று மட்டும் சொன்னான்.

கை விலகியது. அப்புறம்தான் உறைத்தது.

மகனே? அப்பா என்றைக்கு அவனை அப்படிக் கூப்பிட்டார்?

*

'விண்ணூர் விருந்தாளி' என்று ஒரு டி.வி. தொடர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஜெனினின் என்ஜினீயரிங் காலேஜ் ஹாஸ்டலே அதன் முன்னால்தான் கிடக்கும். ஃபேஸ்புக்கில் ரசிகர் குழு ஆரம்பித்தவன் பூதப்பாண்டிக்காரன் சுதீஷ். ஜெனின் செயலாளர். இரண்டு நடிகர்களை வரவழைத்து அன்று பகல் நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெரிய ரசிகர் மாநாடே கூட்டிவிட்டார்கள். அலுமினியத் தாளைச் சுற்றிக்கொண்டு ஒருவன், பைக் ஹெல்மெட்டில் ஆண்டெனா நட்டுக்கொண்டு ஒருவன் என்று வந்து குவிந்த கூட்டத்தில், மைக் பிடித்து நிகழ்ச்சியை நடத்தியது ஜெனின்தான்.

சுதீஷிடமும் காலேஜ் கூட்டாளிகளிடமும் அவன் ஒரு பொய் சொல்லி வைத்திருந்தான். அப்பா எக்ஸ்போர்ட் பிசினஸ்.

தொடரின் கதை இதுதான். விண்ணூரிலிருந்து வருகிறவர்களுக்கு முகம் கிடையாது. பூமியில் ஒரு மனிதனை அவனுடைய சொந்த ரத்தமே 'எனக்குத் தெரியாது' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அவன் இடம் காலி. விருந்தாளி அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளலாம். அந்த வீட்டில் ஒரு வேளைச் சோற்றை அவன் மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடிப்பதற்குள், மறுத்த வாயே உண்மையான ஆளைக் கூப்பிட்டால் தப்பிக்கலாம். தட்டு காலியாகிவிட்டால் அவ்வளவுதான், அந்த முகம் விருந்தாளிக்கே சொந்தம்.

முதலில் கேப்டனாக நடித்தவர் பேசினார். விண்கலம் வெறும் பிளைவுட் என்றும், கண்ணாடித் தொப்பிக்குள் தும்மிவிட்டு ஒரு காட்சி முழுக்க அதோடு நடித்ததாகவும் சொல்ல, விசில் பறந்தது. அடுத்து எழுந்தவர் சுயம்பு. தொடர் முழுக்கச் சாம்பல் நிற முகமூடியோடு விருந்தாளியாக வந்தவர். அவருடைய நிஜ முகத்தை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள். பார்த்தும் பயனில்லை. கண்ணை எடுத்ததும் அந்த முகம் மறந்துபோனது.

"எப்படி சார் அந்த ஆளாவே மாறிடுறீங்க?" என்று சுதீஷ் கேட்டான்.

"நான் நடிக்கறதில்லை தம்பி" என்றார் சுயம்பு மெதுவாக. "காத்திருப்பேன். யாராவது ஒரு இடத்தைக் காலி பண்ணுவாங்க."

கைதட்டலுக்கு நடுவே பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. யாரோ இன்னொரு மைக்கை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

அப்பா. கிளீட்டஸ். மொபெட்டில் ஐஸ் பெட்டி கட்டித் தெருத்தெருவாக மீன் விற்றுவிட்டு நேரே வந்திருந்தார். சவேரியார் திருநாளுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை வழியில் எங்கேயோ நின்று மாற்றியிருக்க வேண்டும், பித்தான் ஏறுமாறாக இருந்தது. கையில் ஒரு பொட்டலம்.

"சாரே, வணக்கம். எனக்க பிள்ளையாக்கும் மேடையில மைக்கு பிடிச்சோண்டு நிக்கது. ஜெனின். உங்களப் பத்தியே பேச்சு அவனுக்கு. அவனுக்க அம்மை நெய்மீன் பொரிச்சுத் தந்து விட்டா. ராத்திரி நம்ம வீட்டுக்கு வாருங்கோ சாரே, சாப்பிட்டுட்டுப் போலாம்."

முன்வரிசையில், கூடப் படிக்கும் தன்யா மூக்கைப் பொத்தினாள். "அய்யே, என்ன நாத்தம்! ஜெனினே, உனக்க எக்ஸ்போர்ட்டு வந்திருக்கு பாரு!"

மண்டபம் சிரித்தது. சுயம்பு சிரிக்கவில்லை. ஜெனின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரிந்தவரா?"

ஜெனினின் கையில் மைக் இருந்தது. அதை வாயருகே கொண்டுபோனதுகூட அவனுக்கு நினைவிருக்கிறது.

"எனக்குத் தெரியாது சார். யாரோ மீன்காரர்."

"சொல்லிட்டான்லே! விருந்தாளி வந்திருவான்!" என்று யாரோ கத்த, மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குள்ளே அப்பாவின் குரல், ஸ்பீக்கரில், கொஞ்சமும் கோபமில்லாமல் வந்தது. "ஆமா சாரே, எனக்குத்தான் ஆளு மாறிப் போச்சு. வெயில்ல வந்தது, கண்ணு பிடிக்கல்ல. மன்னிக்கணும்."

சுயம்பு மேடையை விட்டு இறங்கி அப்பாவிடம் நடந்தார். தையல்காரர் அளவெடுப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தார். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்டிப்பாக வருகிறேன்" என்றார்.

*

"ஏலே மக்கா, இருட்டுல என்ன நிக்கிய? வந்து சாப்பிடு." அம்மா லீமா மெழுகுவர்த்தியைப் பொருத்தித் தரையில் ஊன்றினாள். குரலில் ஒரு குழைவு. "உங்கப்பா இன்னைக்கு நேரத்தோட வந்துட்டாவ. குளிச்சு, மணமா, ஆளே மாறியாச்சு. இப்படி ஒரு நாளு இருந்திருக்காவளா?"

சுவரோரம் அப்பா சம்மணமிட்டிருந்தார். முதுகு நேராக. சட்டைப் பித்தான்கள் எல்லாம் ஒழுங்காக. முன்னால் ஒரு தட்டில் மலையாய்ச் சோறும் சாளைப் புளிமுளக் குழம்பும்.

"மொபெட்டு எங்கம்மா? வெளிய காணல்லியே."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஜெனினைப் பார்த்தார்.

"அது இனி வேண்டாம், மகனே."

தெளிவான தமிழ். டி.வி.யில் பேசுகிற தமிழ். இழுவை இல்லை, மக்கா இல்லை, கேட்டியா இல்லை. சுதீஷின் வீட்டில் அவன் அப்பா பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் ஜெனின் ஆசைப்பட்டது இப்படி ஒரு பேச்சுக்குத்தான்.

அப்பா சாப்பிட ஆரம்பித்தார்.

சாளையை அப்பா சாப்பிடுவதே தனி அழகு. நாக்கை ஒரு சுழற்று சுழற்றுவார், சீப்பு மாதிரி முள் தனியே வந்து தட்டோரம் விழும். இப்போது எதுவும் விழவில்லை. மெழுகுவர்த்தியின் சுடர் ஆட, சுவரில் நிழல் ஆட, அலையின் இரைச்சலுக்கும் அம்மாவின் வளையல் சத்தத்துக்கும் நடுவே, சீராக, அவசரமில்லாமல், தலையும் முள்ளும் வாலும் நொறுங்கும் சத்தம் கேட்டது.

நறுக். நறுக். நறுக்.

"அம்மா..."

"என்னலே?"

"முள்ளைத் தின்னுதாவம்மா."

"பசியாக்கும். உனக்கென்ன?"

சோற்று மலை பாதியாகியிருந்தது. ஜெனினின் கண் அந்தத் தட்டிலேயே நின்றது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தொடரின் கதையை ஒப்பிப்பான். அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்போது காற்று திரும்பியது. கடலிலிருந்து அல்ல, தெருவிலிருந்து. ஐஸ் உருகிய தண்ணீர், செதில், வியர்வை, பெட்ரோல், எல்லாம் கலந்த அந்த நாற்றம் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. பிறகு மொபெட் இருமி நிற்கும் சத்தம். ஒரு செருமல். வீட்டுக்குள் நுழையுமுன் அப்பா போடும் செருமல்.

"லீமா... கதவத் தொற. மக்கா வந்தியா?"

அம்மா மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். ஜெனின் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அவள் முதுகும், அதற்கப்பால் இருட்டும்தான் தெரிந்தன.

"இங்க மீனு வேண்டாம். எங்க வீட்டுலயே மீன்காரரு உண்டு."

"ஏட்டி, வெளையாடாத. நானாக்கும்."

"யாரு நானு?" அம்மாவின் குரல் ஏறியது. "இஞ்ச பாருங்க, யாரோ வந்து நிக்காவ. ஆளு யாருன்னே தெரியல்ல."

பின்னால் நறுக் சத்தம் நிற்கவில்லை. அதற்கு நடுவே கேள்வி வந்தது. மேடையில் கேட்ட அதே கேள்வி. அதே நிதானம்.

"உனக்குத் தெரிந்தவரா, மகனே?"

தெரியும். எங்கப்பா. அவ்வளவு சொன்னால் போதும். தட்டில் இன்னும் ஒரு பிடி சோறு இருந்தது, ஒரு சாளை இருந்தது. வாயைத் திறந்தான்.

திறந்த வாய்க்குள் ஒரு நினைப்பு வந்தது. அசிங்கமான நினைப்பு.

இந்த அப்பாவை சுதீஷுக்குக் காட்டலாம்.

ஒரு நொடி. அந்த ஒரு நொடிதான் அவன் நின்றான்.

நறுக்.

விரலால் தட்டை வழிக்கும் சத்தம். காலித் தட்டு தரையில் தள்ளப்படும் சத்தம்.

"அப்பா!" என்று அலறினான் ஜெனின், கதவைப் பார்த்து. நெஞ்சு கிழிய. "அப்பா!"

பதில் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"என்ன, மகனே?"

வாசலில் சத்தமில்லை. மூச்சு மட்டும்.

கரண்டு வந்தது.

வாசல் பல்பு எரிந்தது. அம்மாவைத் தள்ளிக்கொண்டு ஓடினான். படியில் ஒரு ஆள் நின்றிருந்தார். ஏறுமாறாகப் பித்தான் போட்ட வெள்ளைச் சட்டை. கையில் பிரிக்காத பொட்டலம். ஜெனின் அந்த முகத்தைப் பார்த்தான். கண். மூக்கு. வாய். எல்லாம் இருந்தன. கண்ணை இமைத்தான். மறந்துபோனது. மறுபடி பார்த்தான். இமைத்தான். மறந்துபோனது.

யார் இவர்?

நெஞ்சில் கைவைத்துத் தேடினான். நிஜமாகவே தெரியவில்லை.

"மன்னிக்கணும்" என்றார் அந்த ஆள். "எனக்குத்தான் வீடு மாறிப் போச்சு போல."

ஒரு கை, ஜெனினின் தோளுக்கு மேலாக நீண்டு, கதவைச் சாத்த ஆரம்பித்தது. சுத்தமான கை. வாசனையே இல்லாத கை.

மூடும் கதவின் இடுக்கில், கடைசியாக, நாலு விரல்கள். பழக்கத்தில் கதவு நிலையைப் பற்றியிருந்த விரல்கள். நகக்கண்ணில் ஒற்றைச் செதில், பல்பு வெளிச்சத்தில் மின்னிக்கொண்டு.

கதவு அவற்றின்மேல் மெதுவாக, மிக மெதுவாக, சாத்திக்கொண்டிருந்தது.