தலைகீழாக வைத்த கல்

தயிர்சாதத்தின் கடைசி வாயில் மணல் நறநறத்தது. தாட்சாயணி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணெய்க் கிணற்றிலிருந்து வெட்டியெடுத்த மணற்கல்லை நாக்கில் நனைத்து, துகளைப் பல்லில் கடித்துப் பார்ப்பது அவள் தொழிலின் பழக்கம். நறநறத்தால் மணல், வழவழத்தால் களிமண். திருப்பதி ஆய்வுக்கூடத்திலிருந்து தினமும் வாயில் மணலோடுதான் வீடு திரும்புவாள்.

ஆனால் இன்று அவள் எந்தக் கல்லையும் வாயில் வைக்கவில்லை. ஒரே ஒரு கல்லைத் தொட்டிருந்தாள். அதுவும் சந்துருவுடையது.

அவளுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவன், அவளைப் போலவே நகரியில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, மஸ்கட் எண்ணெய்க் கம்பெனி வேலைக்குப் போகப் பார்க்கிறான். அங்கிருந்து வரும் அதிகாரி நாளை அவன் கல்லைப் பார்த்து முடிவு சொல்வார். அந்தக் கல்லில் விரல் தடிமனில் ஒரு தடம் மேல்நோக்கி ஏறும். என்றோ ஓர் ஆற்றுமுகத்தில் வெள்ளம் ஒரே வீச்சில் கொட்டிய மணலில் புதைந்துபோன ஏதோ ஓர் உயிர், மூச்சுக்கு முட்டிமோதி ஏறிய தடம். வேகமாக வந்த மணல், சேறு கலக்காத மணல், எண்ணெய் நன்றாகத் தங்கும் என்று அதை வைத்தே நிரூபித்திருந்தான். அதே கல்லை முன்பு பார்த்திருந்தும் அவள் கண்ணில் அது படவேயில்லை. வயிறு பற்றி எரிந்தது.

காலையில் அவன் வந்து நின்றான். "அக்கா, காணிப்பாக்கம் போய்க் கும்புட்டுக்கினு வந்துட்றேன். என் கல்லுப் பெட்டியக் கொஞ்சம் பாத்துக்கோ."

"போய்ட்டு வாடா. நான் இருக்கறேன்."

அவன் தலை மறைந்ததும் கல்லைத் தலைகீழாக்கினாள். மேல்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறியைச் சுரண்டிவிட்டு மாற்றி வரைந்தாள். தடம் இப்போது கீழே போனது; தப்பி ஏறிய உயிரல்ல, சேற்றில் வளை தோண்டிய ஏதோ புழு என்றாகிவிடும். நாளை அவன் பேச்சு சிரிப்பாய்ச் சிரிக்கும்.

சாயங்காலம் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். கல்லறுக்கும் இயந்திரம் ஓய்ந்த அமைதியில், மழைவிட்ட ஆற்றுப்படுகையின் ஈரவாடை அறையெங்கும் மெல்லப் பரவ, எங்கோ எதையோ பிறாண்டும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டேயிருந்தது. பெட்டியைத் திறந்தாள்.

கல் நனைந்திருந்தது. தடம் கீழே போய், வளைந்து திரும்பி, அவள் வரைந்த அம்புக்குறியை நோக்கி ஏறியிருந்தது. விளிம்புவரை. விளிம்பில் ஓர் ஓட்டை.

காலி.

மதியம், அம்புக்குறியின் மை காய வெளியே வைத்திருந்த இந்தக் கல்மேல்தான் தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள்.

பிறாண்டல் அறையில் கேட்கவில்லை. அவளுக்குள்ளே கேட்டது. கண்ணாடி அலமாரியில் தன் கழுத்தைப் பார்த்தாள். விரல் தடிமனில் ஒரு புடைப்பு. ஏறுகிறது. சட்டென்று குனிந்து தலையைத் தொங்கப்போட்டாள். புடைப்பு நின்றது. திரும்பியது. மார்புப் பக்கம் நகர்ந்தது. எந்தப் பக்கம் மேலோ, அந்தப் பக்கம்.

நிமிரக் கூடாது. நிமிரவே கூடாது.

கதவு திறந்தது. "அக்கா, பிரசாதம் துன்னு... ஐயோ, ஏன் இப்படிக் குனிஞ்சிக்கினு கீற?"

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஈரமணல் கொட்டியது.

சந்துரு பதறி ஓடிவந்து, அவள் தோள்களைப் பிடித்து நிமிர்த்தினான்.